‘இல்லை’ என்பதும் ‘அறியேன்’ என்பதும்

கணனியோடு மனிதன் உரையாடத் தொடங்கிய காலத்தில் அவ்வுரையாடல் எழுத்துவழிப்பட்டதாகவே இருந்தது. பயனர் ஒரு வரியைத் தட்டச்சுச் செய்வார். செய்நிரல் சில வரிகளை விடையாகத் தரும். மீண்டும் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். படங்களும் சாளரங்களும் சுட்டியும் வந்த பின்னரும் இவ்வகைக் கட்டளைவரிச் செய்நிரல்கள் வழக்கொழிந்து போகவில்லை. கோப்புகளில் சொற்களைத் தேடுவன, வரிகளை வரிசைப்படுத்துவன, கணக்கிடுவன எனப் பல்லாண்டுகளுக்கு முன் ஆக்கப்பட்ட செய்நிரல்கள் இன்றும் திரைக்குப் பின்னால் நின்று தொழிற்படுகின்றன. அவற்றின் முன்னால் இன்று பெரும்பாலும் மனிதர் அமர்வதில்லை; பிறிதொரு செய்நிரலே அமர்கிறது. அவ்வாறு அமரும் செய்நிரல் எவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது என்பது பொறியியலாளருக்கு மட்டும் உரிய வினாவன்று. மொழியையும் நூலையும் ஆராய்வோர்க்கும் அதில் பங்குண்டு.

ஒரு செய்நிரலின் வருவிளைவை மற்றொன்றின் உள்ளீடாக்கும் எண்ணம் பழையது. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய், 1964 ஒக்ரோபரில் எழுதிய குறிப்பொன்றில், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் துண்டுகளைப் பொருத்துவது போலச் செய்நிரல்களையும் ஒன்றோடொன்று பொருத்த வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்போது யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை பிறக்கவில்லை. அது 1969 இல் தொடங்கப்பட்டது. மக்கில்ராயின் விருப்பத்தைக் கென் தொம்சன் 1973 இல் அதனுள் நிறைவேற்றினார். ‘குழாய்’ என்ற பெயரே நிலைத்தது. செய்நிரல் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாயில்கள் அமைந்தன: கேட்பதற்கு ஒன்று, விடை சொல்வதற்கு ஒன்று, தவறு நேர்ந்தால் அதனை அறிவிப்பதற்கு ஒன்று. விடைக்கும் முறைப்பாட்டுக்கும் வெவ்வேறு வாயில்கள் என்ற இவ்வேற்பாடு சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது.

இப்பிணைப்பின் அழகிய எடுத்துக்காட்டு ஒன்று யுனிக்ஸின் தொடக்க காலத்திலேயே உண்டு. டி.சி. என்ற கணிப்புச் செய்நிரல் மிகப் பழையது. எண்களை முதலிலும் கணிதக்குறியைப் பின்னரும் இடும் முறையில்தான் அது கேட்கும். மூன்றையும் நான்கையும் கூட்ட வேண்டுமாயின் ‘3 4 +’ என்று சொல்லி, விடையை அச்சிடுமாறு ‘ப்பீ’ என்ற எழுத்தையும் தட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கு முறைக்குப் பழகியோர்க்கு இது இடர்ப்பாடானது. ஆயினும் டி.சி.யை ஒருவரும் இடித்துக் கட்டவில்லை. லொரிண்டா செரி பி.சி. என்ற பிறிதொரு செய்நிரலை எழுதினார். அது ‘3+4’ என்ற வழக்கமான வடிவை ஏற்று, டி.சி.க்கு விளங்கும் வடிவாக மாற்றிக் குழாய் வழியே அனுப்பியது. கணக்கைச் செய்தது பழையது. மனிதருக்கு இசைவாகப் பேசியது புதியது. பழையதன் ஆற்றலைக் குறைக்காமலும் அதன் இயல்பைக் குறைகூறாமலும் இடைநின்ற மொழிபெயர்ப்பாளரின் பணி இதுவாகும்.

சதுரங்கத்திலும் இதே உறவைக் காணலாம். குனூ செஸ் என்ற செய்நிரல் எழுத்து வரிகளாலேயே ஆடியது. 1991 இல் வெளிவந்த எக்ஸ்போட் அதற்குப் பலகையும் காய்களும் கொண்ட முகத்தைக் கொடுத்தது. காய் நகர்த்தப்படும்போதெல்லாம் அதனை எழுத்தாக்கிக் குனூ செஸ்ஸிடம் சொல்லி, மறுமொழியைப் படித்துப் பலகையில் காட்டியது. 2000 ஆம் ஆண்டில் இதற்கெனப் பொது மரபொன்றும் வகுக்கப்பட்டது. அம்மரபில் முகப்புச் செய்நிரல் ‘ஆயத்தமா’ என்ற பொருள்படும் சொல்லை அனுப்பினால், ஆடும் செய்நிரல் சிந்தனையின் நடுவிலிருந்தாலும் ‘ஆயத்தம்’ என்று மறுமொழி தர வேண்டும். மௌனம் சிந்தனையின் அடையாளமா, இறப்பின் அடையாளமா என்று ஐயுறுவோர்க்கு இதனினும் நல்ல ஏற்பாடு இல்லை.

எல்லாச் செய்நிரல்களும் இவ்வாறு மரபு வகுத்துக் கொண்டு பேசுவனவல்ல. மனிதரை மனங்கொண்டு எழுதப்பட்ட செய்நிரல், எதிரில் இருப்பது முனையமன்று, குழாயே என்று அறிந்தவுடன் பெரும்பாலும் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். முனையமாயின் வரிக்கு வரி விடை வெளிவரும். குழாயாயின் விடைகள் இடைச்சேமிப்பொன்றில் சேர்ந்து, அது நிரம்பிய பின்னரே மொத்தமாக வெளிவரும். சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் கேள்வி கேட்ட செய்நிரலோ முதல் விடை வந்தாலன்றி அடுத்த கேள்வியைக் கேட்காது. விடை சொல்லப்பட்டாயிற்று, எனினும் வாயிலைத் தாண்டவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் காத்துக் கிடக்கும். இதனைத் தீர்ப்பதற்குப் போலி முனையம் ஒன்றை நடுவில் அமைத்து, மனிதரே எதிரில் இருப்பதாகப் பழைய செய்நிரலை நம்பச் செய்வது வழக்கம். 1990 இல் டொன் லைப்ஸ் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற கருவி, இந்த வழியில் பிற செய்நிரல்களின் கேள்விகளை எதிர்பார்த்திருந்து உரிய விடையைத் தட்டச்சுச் செய்வோரைப் போல நடந்துகொண்டது.

இன்னொரு முடக்கமும் உண்டு. குழாய்க்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸ் முறைமையில் அது இயல்பாக 65,536 பைற்றுகள். ஒரு செய்நிரல் தன் செய்தி முழுவதையும் சொல்லி முடித்த பின்னரே கேட்பேன் என்று நிற்க, மற்றது கேட்டவற்றுக்கு உடனுக்குடன் விடை எழுதிக்கொண்டிருந்தால், விடைக் குழாய் நிரம்பி அது எழுத முடியாது நின்றுவிடும். எழுத முடியாது நின்றது கேட்பதையும் நிறுத்தும். பின்னர் முதலாவதன் குழாயும் நிரம்பும். இருவரும் பேச, ஒருவரும் கேளாத நிலை இது. பேசிக்கொண்டே கேட்கவும் தெரிந்திருத்தல் இவ்வுரையாடலின் முதற் பயிற்சி எனலாம்.

இவையனைத்தும் இயந்திரங்களின் உள்வீட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிடத்தக்கனவா? கலைப்பீடத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தியின் முயற்சியை எடுத்துக்கொண்டு நோக்குதல் பயனுடையது. ஈழத்துப் பழைய உரைநடை நூலொன்றுக்குச் சொல்லடைவு தயாரிப்பது அவளுக்கு வாய்த்த பணி. அப்பணியின் முற்பாதி முன்னரே நிறைவேறியிருந்தது. அவளது விரிவுரையாளரின் ஆசிரியர், நூலின் முதற் பாகத்துக்குரிய சொற்களைத் தம் கையால் அட்டைகளில் எழுதி, அகரவரிசையில் அடுக்கிச் சப்பாத்துப் பெட்டிகளில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மை மங்கத் தொடங்கிய அட்டைகள் அவை. அவற்றைத் தட்டச்சில் ஏற்றியபின், பிற்பாகத்தின் சொற்களைக் கணனி கொண்டு திரட்டி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். முதல் நாளிலேயே விரிவுரையாளர் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுண்டு.

“பிள்ளை, ஒரு சொல் இந்த நூலிலை இல்லையெண்டு உம்மாலை துணிஞ்சு எழுதித் தர ஏலுமோ?”

“தேடிப் பாத்துச் சொல்லுறன் சேர்.”

“தேடினது சரியோ எண்டு எப்பிடித் தெரியும்?”

இக்கேள்வியே அவளது செய்நிரலின் அமைப்பைத் தீர்மானித்தது. வரிசைப்படுத்தும் செய்நிரலோ தேடும் செய்நிரலோ அவள் புதிதாக எழுத வேண்டியவையல்ல. சோட், கிறெப் என்ற யுனிக்ஸ் செய்நிரல்கள் பல்லாண்டுப் பழக்கமுடையவை. அவள் எழுதியது அவற்றோடு பேசுகின்ற சிறு செய்நிரலொன்றேயாம்.

முதலில் எழுத்தே சிக்கலானது. இன்று தமிழ் பெரும்பாலும் யூ.ரி.எவ்-8 என்ற முறையில் குழாய்களினூடே செல்கிறது. குழாயைத் தந்த அதே கென் தொம்சன், ரொப் பைக்கோடு சேர்ந்து 1992 இல் வகுத்த முறை அது. யுனிக்கோட்டில் தமிழுக்குரிய குறி ஒவ்வொன்றும் அம்முறையில் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். ‘க’ மூன்று பைற்று; ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து ஆறு பைற்று. ஆனால் குழாய் எழுத்தை அறியாது. பைற்றை மட்டுமே அறியும். ஒரு தடவையில் 4,096 பைற்றுகளாகப் படிக்கும் செய்நிரலுக்குத் தமிழ்க்குறிகள் மாத்திரமே தொடர்ந்து வந்தால், 1,365 குறிகள் முழுமையாகவும் அடுத்த குறியின் முதற் பைற்று தனியாகவும் கிடைக்கும். அந்த ஒற்றைப் பைற்றை எழுத்தென்று கொண்டால் சொல் சிதையும். எஞ்சியதைக் கையில் வைத்திருந்து அடுத்த தொகுதியோடு சேர்ப்பதே முறை. ஒரு குறியின் தொடக்கப் பைற்றையும் தொடர் பைற்றையும் வேறுபிரித்தறிய யூ.ரி.எவ்-8 இடந்தருவதால் இது இயலும். வரி முடியும்வரை காத்திருந்து படித்தால் இச்சிக்கலே எழாது. அவள் அவ்வழியையே தெரிந்தெடுத்தாள்.

அடுத்தது வரிசை. மொழிச்சூழல் குறிப்பிடப்படாதவிடத்துச் சோட் பைற்றுகளின் எண் வரிசையையே பின்பற்றும். யுனிக்கோட்டின் தமிழ்ப் பகுதியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. எனவே மரம், மலர், மழை, மனம் என்று தமிழ் மரபில் அடுக்கப்பட வேண்டிய சொற்களைச் சோட் ‘மனம், மரம், மலர், மழை’ என்று அடுக்கும். வழுவென்று சொல்ல முடியாத வரிசை அது. ஆயின் அட்டைப் பெட்டியின் வரிசையன்று. அடைவில் ஒரு சொல் இருந்தும் தேடுவோர் பார்க்கும் இடத்தில் இல்லையாயின், அச்சொல் இல்லாததற்கே ஒப்பாகும். மேலும், இரு பட்டியல்களை ஒப்பிட்டு இணைக்கும் செய்நிரல்கள் அவை இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன என்ற நம்பிக்கையிலேயே தொழிற்படுகின்றன. வரிசை பிறழ்ந்தால் இணைப்பும் பிறழும்.

இதற்கு அவள் கையாண்ட உபாயம் பழையது, எளியது. ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கிலக்க எண் ஒன்றை வகுத்தாள். முதலிரண்டு இலக்கங்கள் மெய்யின் இடத்தையும் பின்னிரண்டும் உயிரின் இடத்தையும் குறிக்கும். மகரம் பத்தாவது மெய். ஆகவே ‘ம’ 1001. ரகரம் பன்னிரண்டாவது, ‘ர’ 1201. னகரம் பதினெட்டாவது, ‘ன’ 1801. ஒவ்வொரு சொல்லின் முன்னும் அதற்குரிய எண்கோவை எழுதப்பட்டுச் சோட்டிடம் அனுப்பப்படும். அது எண்களைப் பார்த்து அடுக்கித் தரும். திரும்பி வந்ததும் எண்கள் நீக்கப்படும். புள்ளி எழுத்து உயிர்மெய்க்கு முன் நிற்பதா பின் நிற்பதா என்ற வினாவில் அட்டைகளின் வழக்கே பின்பற்றப்பட்டது. நெடுங்கணக்கை அறியாத செய்நிரல் நெடுங்கணக்குப்படி அடுக்கித் தந்தது. சோட்டின் ஓர் எழுத்துக்கூட மாற்றப்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சோட்டின் குணவியல்பு ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். கேட்பது முழுவதையும் கேட்டு முடிக்கும் வரை அது வாய் திறப்பதில்லை. கடைசி வரியே முதலாவதாக வர வேண்டியதாயிருக்கலாமல்லவா? எனவே சொற்கள் அனைத்தையும் அனுப்பிய பின் குழாயின் எழுதுமுனையை மூடிவிட வேண்டும். மூடாதவரை, இன்னும் ஏதோ சொல்லவிருக்கிறது என்று அது பொறுமையோடு காத்திருக்கும். பேச்சை முடித்தேன் என்று அறிவிப்பதும் பேச்சின் ஒரு பகுதியே.

தேடலில் சிக்கல் நுண்ணியது. ‘கல’ என்ற சொல் நூலில் உண்டா என்று கிறெப்பிடம் கேட்டால், ‘கல்லூரி’ உள்ள வரியையும் அது எடுத்து நீட்டும். யுனிக்கோட்டில் புள்ளி தனிக்குறியாக நிற்பதால், ‘கல்’ என்பது ‘கல’வும் புள்ளியும் சேர்ந்ததாகவே கணனிக்குத் தோன்றும். இல்லாத சொல்லை உண்டென்று காட்டும் வழு இது. மறுபுறத்தில், ‘கொ’ போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைற்றுகளில் வேறு. ஒரு வடிவில் தட்டச்சுச் செய்யப்பட்ட சொல்லை மற்றைய வடிவில் தேடினால், உள்ள சொல்லையே இல்லையென்று கிறெப் சொல்லும். ஆதலின் நூலின் பாடமும் தேடும் சொல்லும் ஒரே வடிவுக்குக் கொணரப்பட்ட பின்னரே குழாயினுட் செல்ல வேண்டும்; சொல்லின் எல்லையும் தெளிவாகக் காட்டப்பட வேண்டும். ‘கி.பி.’ போன்றவற்றைத் தேடும்போது புள்ளிக்கு ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்ற சிறப்புப் பொருள் கொள்ள வேண்டாமென்றும் கிறெப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிடல் வேண்டும். சொற்களைக் கட்டளையோடு ஒட்டி ஒரே வரியாக்கி அனுப்பாது, தனித்தனி உறுப்புகளாகவே கொடுப்பதும் இன்றியமையாதது. மேற்கோட்குறியோ அரைப்புள்ளியோ கொண்ட பாடம் கட்டளையாகவே பொருள்கொள்ளப்படும் இடர் அதனால் நீங்கும்.

இத்தனைக்கும் பின்னர் விரிவுரையாளரின் கேள்விக்கு நேரான விடை வேறோரிடத்தில் இருந்தது. கட்டளைவரிச் செய்நிரல் ஒவ்வொன்றும் தன் வேலை முடிந்து போகும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. மனிதர் அதைப் பார்ப்பதில்லை. திரையிலும் அது தோன்றுவதில்லை. கிறெப் விட்டுச் செல்லும் எண் 0 ஆயின் தேடியது கிடைத்தது என்பது பொருள். 1 ஆயின் தேடல் முழுமையாக நடைபெற்றது, ஆனால் கிடைக்கவில்லை என்பது பொருள். 2 ஆயின் தேடலில் தவறு நேர்ந்தது. கோப்பைத் திறக்க முடியாமற் போயிருக்கலாம், வேறேதும் நேர்ந்திருக்கலாம். 1, 2 ஆகிய ஈரிடத்தும் விடை வாயிலில் ஒரு சொல்லும் வராதிருக்கலாம். விடை வாயிலை மட்டும் பார்த்து நிற்கும் செய்நிரலுக்கு இரண்டும் ஒரே மௌனம். அம்மௌனத்தை அது ‘இல்லை’ என்று பதிந்துவிடும்.

ஆராய்ச்சியில் இதனினும் ஆபத்தான வழு வேறில்லை எனலாம். ‘இச்சொல் இந்நூலில் வழங்கவில்லை’ என்ற ஒரு வரி பலருடைய முடிபுகளுக்கு அடிப்படையாகக்கூடும். சொல்லொன்று எக்காலத்தில் வழக்குக்கு வந்தது, யார் யாரிடமிருந்து பெற்றார், எது இடைச்செருகல் என்பன போன்ற வாதங்கள் இத்தகைய இன்மைகளின் மேலேயே எழுப்பப்படுகின்றன. இன்மையை மெய்ப்பிப்பது உண்மையை மெய்ப்பிப்பதிலும் கடினமானது. உண்டென்பதற்கு ஓரிடம் காட்டினாற் போதும், இல்லையென்பதற்கு எல்லா இடமும் தேடப்பட்டது என்ற உறுதி வேண்டும். கோப்பைத் திறக்க முடியாமற் போனதன் விளைவு, ஒரு சொல்லின் வரலாறாக அச்சேறிவிடலாகாது. அறியாமையை இன்மையாகக் கொள்ளும் வழக்கம் கணனியால் வந்ததன்று. எனினும் கணனி அதனை ஒரே நாழிகையில் பல்லாயிரம் தடவை செய்யவல்லது.

பழைய செய்நிரலை இதற்குக் குறைகூறவும் இடமில்லை. அது தன் கடமையை நிறைவேற்றியுள்ளது. விடையை ஒரு வாயிலிலும் முறைப்பாட்டை வேறொரு வாயிலிலும் முடிபை எண்ணாகவும் தந்து போயுள்ளது. அவற்றைக் கேளாதிருத்தல் கேட்பவரின் குறையே. சோட்டும் கிறெப்பும் தமிழுக்காக எழுதப்பட்டவையல்ல என்று கூறி அவற்றை ஒதுக்குவாரும் உளர். அவை தருவதை அப்படியே நம்பி அச்சுக்கு அனுப்புவாரும் உளர். இவ்விரு நிலைகளுக்கும் நடுவில், எழுத்தின் இயல்பை ஒருபுறமும் கருவியின் இயல்பை மறுபுறமும் அறிந்து இடைநின்று பேசும் பணியொன்று உள்ளது. அப்பணிக்குப் பொறியியல் அறிவு ஓரளவே போதும். நெடுங்கணக்கும் புணர்ச்சியும் பாடவேறுபாடும் அறிந்தவரே அதனைச் செவ்வனே செய்ய வல்லவர். அவ்வகையில் கலைப்பீடத்தார் இத்துறையில் விருந்தாளிகளல்லர், உரியவர்களே.

மாணவியின் சொல்லடைவில் இறுதியில் மூன்று அடையாளங்கள் இடம்பெற்றன. கிடைத்த சொல்லுக்குப் பக்க எண். முழுமையாகத் தேடியும் கிடைக்காத சொல்லுக்குச் சிறு கோடு. தேடல் நிறைவேறாத சொல்லுக்குக் கேள்விக்குறி. அச்சுப்படியைப் பார்த்த விரிவுரையாளர் கேள்விக்குறிகளை எண்ணத் தொடங்கினார். அவை ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் எதனால் நேர்ந்தன என்பதை முறைப்பாட்டு வாயில் வழியே வந்த வரிகளிலிருந்து அவள் திரட்டித் தனித்தாளில் வைத்திருந்தாள். சில பக்கங்களின் கோப்புகள் திறக்கப்படவேயில்லை. அப்பக்கங்களை மூலநூலில் கண்ணாற் பார்த்துப் படிப்பதற்கு, அடுத்த வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் ஒதுக்கப்பட்டன.